செய்தி யாரைப் பற்றியதோ, அவரைக் கேட்டோமா?

2023 மார்ச் முதல் வாரம் திருப்பூரில் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. சில பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள் தையல் மெஷின்கள் ஆளில்லாமல் நின்றன. ரயில் நிலையத்தில் பையும் மூட்டையுமாக வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டம். ஹோலி வருகிறது, ஊருக்குப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். வருஷா வருஷம் நடப்பதுதானே. ஆனால் அந்த முறை கிளம்பியவர்களில் பலருடைய முகத்தில் பண்டிகைக் களையே இல்லை.

நான் கணக்கு எழுதும் கம்பெனியில் பீகார்த் தம்பி ஒருவர் பல வருஷமாக ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறார். தமிழ் நன்றாகவே பேசுவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து போனை நீட்டினார்.

"அக்கா, இதப் பாருங்க. எங்கம்மா அழுவுது. உடனே கிளம்பி வான்னு சொல்லுது."

யாரோ யாரையோ வெட்டுகிற காணொலி அது. மேலே இந்தியில் ஒரு குரல். தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களைக் கொல்கிறார்கள் என்று அந்தக் குரல் சொல்வதாக அவரே எனக்கு விளக்கினார்.

"தம்பி, நீங்க திருப்பூர்லயேதான இருக்கீங்க? இந்த மாதிரி ஏதாச்சும் பார்த்தீங்களா? உங்க லைன் வீட்டுல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சுங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் பாக்கல அக்கா. ஆனா அம்மா பாத்துட்டாங்களே."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊரிலேயே குடியிருக்கிற மனிதர் எதையும் பார்க்கவில்லை. எங்கோ பீகார் கிராமத்தில் இருக்கிற அம்மா பார்த்துவிட்டார். மகன் தன் கண்ணை விட்டுவிட்டு அம்மாவின் போனை நம்புகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்ற தாய் அழும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இப்படிப் பரவிய காணொலிகளின் உண்மை சீக்கிரமே வெளிவந்தது. அப்போது தமிழ்நாட்டு டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு வெளிப்படையாகவே விளக்கம் கொடுத்தார். பரவிய காட்சிகளில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களின் இரண்டு கோஷ்டிகளுக்குள் நடந்த மோதல். இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. இரண்டிலுமே தமிழர் பீகாரியைத் தாக்கிய கதை இல்லை. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களிடம் நேரடியாகப் பேசினார்கள். பொய்யைப் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. ஹோலி முடிந்து பலர் திரும்பி வந்தார்கள்.

வேகமாக ஓய்ந்ததால் பலர் இதை மறந்துவிட்டார்கள். எனக்கு மறக்க முடியவில்லை. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்னால், அதே திருப்பூரில், இதன் மறுபக்கத்தையும் பார்த்திருந்தோம்.

ஒரே பொய், இரண்டு முகவரி

அந்த ஜனவரியில் எங்கள் வாட்ஸப் குழுக்களில் சுற்றியது வேறொரு காணொலி. வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக உள்ளூர்க்காரர்களைத் துரத்துகிற காட்சி. "தமிழனுக்குத் தமிழ்நாட்டில் பாதுகாப்பு இல்லை" என்று அதற்கு மேலே எழுதியிருந்தது. போலீஸ் விசாரித்தபோது, ஒரு சில்லறைத் தகராறு கைகலப்பாக மாறிய கதைதான் அதன் பின்னால் இருந்தது. கைகலப்பு நிஜம். அதன்மேல் ஒட்டிய "தமிழர் மீது தாக்குதல்" என்ற லேபிள் நிஜம் இல்லை.

ஜனவரியில் வந்தது தமிழர்களைப் பயமுறுத்தியது. மார்ச்சில் வந்தது பீகார்க் குடும்பங்களைப் பயமுறுத்தியது. எந்தப் பக்கத்துக்காரர் பார்த்தாலும் "நம்ம ஆளை அடிக்கிறாங்க" என்றே தெரியும்படி செய்தி வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே காம்பவுண்டில்தான் குடியிருக்கிறோம். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி "இது உண்மையாங்க?" என்று கேட்க அரை நிமிஷம் போதும். இரண்டு முறையும் நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இதைவிடக் கொடூரமாக முடிந்த ஒன்று 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்தது. போளூர் அருகே அத்திமூர். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன ஒரு குடும்பம் வழி கேட்க அங்கே காரை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். வட மாநிலங்களிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருப்பதாக அந்த வட்டாரம் முழுக்க வாட்ஸப்பில் குரல் பதிவுகளும் படங்களும் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் கூடியது, அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

அந்தக் குடும்பம் தமிழ்க் குடும்பம். வதந்தி வடக்கத்தியரைக் காட்டியது. உயிரை விட்டது குலதெய்வத்துக்குக் கும்பிடு போட வந்த நம் பாட்டி. இதே வதந்தியின் வெவ்வேறு வடிவங்கள் அந்த ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் உயிர்களைப் பறித்தன. மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்தின் ரயின்பாடாவில் ஜூலை 1 அன்று ஐந்து பேரை ஒரே இடத்தில் அடித்துக் கொன்றார்கள். இப்படிப் பரவியவற்றில் மிகப் பிரபலமான காணொலி பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிப் போகிறவர்கள், கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கைப் பலகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள்.

அத்திமூரில் அந்தப் பாட்டியின் குடும்பம் வழி கேட்டது. அவர்களிடம் யாராவது ஒருவர் "எந்த ஊருங்க? எந்தக் கோயிலுக்குப் போறீங்க?" என்று நின்று கேட்டு, சொன்ன பதிலைக் காதில் வாங்கியிருந்தால் அவர்கள் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள்.

அரசமைப்பில் எழுதியிருப்பது

குடிமக்களின் கடமை என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது ஓட்டுப் போடுவது, வரி கட்டுவது, தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பது. நம் அரசமைப்புச் சட்டத்தில் 51ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் பத்து அடிப்படைக் கடமைகளை அதில் சேர்த்தார்கள். குழந்தைகளுக்குக் கல்வி வாய்ப்புத் தருவது பெற்றோரின் கடமை என்பது 2002-ல் 86-வது திருத்தத்தில் பதினொன்றாவதாகச் சேர்ந்தது. இவற்றைச் செய்யவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை நீதிமன்றத்தில் தண்டிக்க முடியாது. அதனால் பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

அந்தப் பட்டியலில் இரண்டைச் சேர்த்துப் படியுங்கள். மதம், மொழி, வட்டார வேறுபாடுகளைத் தாண்டி எல்லா மக்களிடமும் இணக்கத்தையும் சகோதர உணர்வையும் வளர்ப்பது ஒன்று. அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்து அறியும் உணர்வையும் வளர்ப்பது இன்னொன்று. முதலாவது நெஞ்சு சார்ந்தது, இரண்டாவது மூளை சார்ந்தது என்று இவற்றைத் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தேன். திருப்பூரும் அத்திமூரும் காட்டுவது வேறு. ஆராயாதவனால் சகோதரனாக இருக்க முடியாது. நல்ல மனசு உள்ளவர்கள்தான் அன்றைக்கு அந்தச் செய்திகளை அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து வரக்கூடாதே என்ற பதைப்பில்தான் பல அம்மாக்கள் அனுப்பினார்கள். அந்தப் பதைப்போடு ஒரே ஒரு கேள்வியும் சேர்ந்திருந்தால் போதும்.

அனுப்புவது ஒரு செயல். அதற்குப் பொறுப்பு உண்டு. ஒரு செய்தியை முன்னனுப்புவது அதை ஏற்றுக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் ஒரு முன்ஜாமீன் வழக்கில் சொன்னது. "நான் எழுதலைங்க, வந்தத அனுப்புனேன்" என்பது பதில் ஆகாது. எங்கள் தொழிலில் தைத்து முடித்த ஒவ்வொரு பீஸும் செக்கிங் மேஜையைத் தாண்டாமல் பேக்கிங்குக்குப் போகாது. தைத்தது வேறு ஆள் என்பதற்காகச் செக்கிங்கில் இருக்கும் அக்கா ஓட்டையைக் கண்டும் காணாமல் தள்ளிவிட முடியாது. கையைத் தாண்டிப் போகும் செய்திக்கும் நாமே செக்கிங்.

எப்படிச் சரிபார்ப்பது?

இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் அம்புக்குறியைப் பார்க்கிறேன். வாட்ஸப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். உங்களுக்கு அனுப்பிய அத்தை அதை எழுதவில்லை, அவருக்கு அனுப்பியவரும் எழுதவில்லை. 2018 கொலைகளுக்குப் பிறகுதான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸப் மாற்றியது. 2020 ஏப்ரலில், பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று இன்னும் இறுக்கியது. அந்த அம்புக்குறியைக் கண்டதும் நான் கையை எடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது, செய்தியில் ஊர், தேதி, பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். "நேற்று இரவு", "நம்ம ஊர்ல", "ஒரு பெரிய டாக்டர் சொன்னார்" என்று மட்டும் இருந்தால் அது செய்தியே இல்லை. நேற்று என்பது எந்த நேற்று? மூன்று வருஷமாகச் சுற்றும் பதிவிலும் நேற்று என்றுதான் எழுதியிருக்கும்.

மூன்றாவது, காணொலியின் ஓரங்களைப் பார்க்கிறேன். நடுவில் நடக்கிற அடிதடி நம் கண்ணைக் கட்டிப்போடும். ஓரத்தில் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் எந்த மாநிலம், போலீஸ் உடுப்பு என்ன நிறம், சுவரில் ஒட்டிய போஸ்டர் யாருடையது, இவையெல்லாம் உண்மையைச் சொல்லும். படத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், அதே படம் இதற்கு முன் எங்கே வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். தமிழில் யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் இந்த வேலையைத் தினமும் செய்கின்றன. நாம் தேடுவதற்கு முன்பே அவர்கள் எழுதியிருக்கக்கூடும்.

நான்காவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது. செய்தி யாரைப் பற்றியதோ அவரை, அல்லது அந்த இடத்தில் இருக்கிறவரைக் கேட்பது. ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி வந்தால் அங்கே பிள்ளை படிக்கும் அம்மாவுக்கு ஒரு போன். ஒரு சமூகத்தைப் பற்றி வந்தால் அந்தச் சமூகத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? கேட்கக் கூச்சப்படுகிற விஷயத்தை அவர் முதுகுக்குப் பின்னால் இருநூறு பேருக்கு அனுப்ப மட்டும் எப்படிக் கை வருகிறது?

அரசு சொன்னால் போதுமா?

"அதிகாரப்பூர்வ அறிவிப்பை மட்டும் நம்புங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் அதோடு நம் வேலை முடிந்துவிடாது.

2004 சுனாமி வந்தது டிசம்பர் 26. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மீண்டும் பேரலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. பிணங்களைக்கூட அடக்கம் செய்து முடிக்காத நாகப்பட்டினத்தில் மக்கள் மறுபடி ஓடினார்கள். நிவாரண வேலை நின்றது. அலை வரவில்லை. அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் சொன்ன கணிப்பை வைத்து விடுக்கப்பட்ட எச்சரிக்கை அது என்று பிறகு தெரிந்தது. அறிவியல் துறையைக் கவனித்த அமைச்சரே அந்தக் கணிப்பை நிராகரித்தார்.

அந்தப் பாடத்துக்குப் பிறகு, 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது சென்னையிலும் கட்டடங்கள் ஆடின, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அன்று எச்சரிக்கை விடவும், ஆபத்து நீங்கியதும் அதை விலக்கவும் கருவிகளும் அளவீடுகளும் இருந்தன. எச்சரிக்கையைச் சொல்கிற நாற்காலியைவிட, எதை அளந்து சொல்கிறார்கள் என்பதுதான் நம்பிக்கைக்கு அடிப்படை.

இன்னொரு சிக்கலும் உண்டு. செய்தி அரசைப் பற்றியதாகவே இருந்தால்? தன்னைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று மத்திய அரசின் ஒரு பிரிவே தீர்மானிக்கலாம் என்ற 2023-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு. அரசின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், கவனமாகவே கேட்க வேண்டும். தீர்ப்பை அதனிடம் விட்டுவிடக் கூடாது. அப்படியானால் அரசிடம் எதைக் கேட்பது? அதன் ஆவணத்தைக் கேட்பது.

பத்து ரூபாய் வில்லை

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அதன் வேர் ராஜஸ்தான் கிராமங்களில் இருக்கிறது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு தொண்ணூறுகளில் ஊர் நடுவில் பந்தல் போட்டு, அரசின் செலவுக் கணக்கை உரக்கப் படித்தது. வேலை செய்ததாகப் பட்டியலில் இருந்தவர்கள் கூட்டத்திலேயே எழுந்து "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்று சொன்னார்கள். காகிதத்தில் யார் பெயர் இருந்ததோ அவரையே கேட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்வி வளர்ந்து தேசத்தின் சட்டமாயிற்று.

இந்தச் சட்டத்தில் மனுப் போடுவது எளிது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்டால் உபயோகமான பதில் வராது. சட்டம் தருவது ஆவணங்களில் இருக்கும் தகவலை. "இந்தத் தெருவுக்கான மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகம் இவற்றின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். எம்-புக் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்லும் அந்த அளவுப் புத்தகத்தில் எவ்வளவு நீளம், எவ்வளவு கனம், எந்தத் தேதி என்று எல்லாம் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவை டேப் பிடித்து அளக்கலாம்.

என் சித்தப்பா ஊரில் ஒரு சாக்கடை பாதியிலேயே நின்றது. மீதிப் பணத்தை வார்டு உறுப்பினர் சாப்பிட்டுவிட்டார் என்று ஊரே பேசியது. டீக்கடையில் அது தீர்ப்பாகவே ஆகியிருந்தது. சித்தப்பா மனுப் போட்டு நகல் வாங்கினார். அனுமதியான நீளமே அந்தப் பாதிவரைதான். மீதி அடுத்த மதிப்பீட்டில் முன்மொழிவாகக் கிடந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போனார்கள். திட்டுவதற்காகக் கூடவிருந்த கூட்டம், அடுத்த மதிப்பீட்டுக்கு அனுமதி கேட்டுத் தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தது. ஆவணம் என்றால் திருடனைப் பிடிப்பதற்கு என்று நினைக்கிறோம். திருடாதவரைக் காப்பாற்றவும் அதுதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கை வைக்கச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. நகரங்களில் பகுதி சபைகள் வந்திருக்கின்றன. ஊரில் நடப்பதை ஊர்க்காரர்கள் முன்னிலையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

நொய்யல் சொல்லிக்கொடுத்தது

எங்கள் ஊரின் பெரிய கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் சேரும் நொய்யலில் பல ஆண்டுகளாகச் சாயக்கழிவு கலந்தது. பாசனத்துக்காகச் சென்னிமலை பக்கம் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர் தேங்கும் குளமாக மாறியது. கீழே இருந்த தோட்டங்கள் கெட்டன, கிணறுகள் கெட்டன.

அந்த விவசாயிகள் வெறுமனே "தண்ணி கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். தண்ணீரின் உப்புத்தன்மையை அளந்த கணக்கு வழக்கின் நடுவில் இருந்தது. ஒரு லிட்டரில் கரைந்த திடப்பொருள் 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டியது என்பதை ஆவணத்தோடு காட்ட முடிந்தது. சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவையும் ஆற்றில் விடக் கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடைமுறைக்கு வராததால் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்த உத்தரவு எங்கள் பிழைப்பை ஆட்டியது. பட்டறை மூடினால் துணி இல்லை, துணி இல்லாவிட்டால் தையல் இல்லை. வேலை போனவர்களை அறிவேன், அவர்கள் பட்ட பாட்டையும் அறிவேன். அப்போது எங்கள் பக்கம் சுற்றிய பேச்சு, இது வெளிநாட்டுக் கம்பெனிகளின் சதி, விவசாயிகளைத் தூண்டிவிடுகிறார்கள் என்பது. எங்களுக்கு அது நம்ப வசதியாக இருந்தது. ஆனால் செய்தி யாரைப் பற்றியதோ அந்த விவசாயியிடம் போய்க் கேட்டவர்களுக்கு அவர் கிணற்றுத் தண்ணீரைக் காட்டினார். அதற்கு மேல் சதிக் கதைக்கு இடமில்லை.

நமக்குச் சாதகமான செய்தியைத்தான் அதிகமாகச் சரிபார்க்க வேண்டும். நம் சாதி, நம் கட்சி, நம் தொழில், நம் மொழி என்று வந்தால் செக்கிங் மேஜையை மூடிவிடுகிறோம். எதிர்க்கட்சிக்காரர் பற்றி வந்த வதந்தியைப் பிடிப்பது சுலபம். நமக்குப் பிடித்த தலைவரைப் புகழ்ந்து வந்த பொய்யை நிறுத்துவதுதான் கடினம். குடிமகனின் கடமை அங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம்

ஓட்டுப் போடும் நாளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பேசுவதில்லை.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேர்தல் அறிவித்த பிறகு பதறுவதைவிட, சும்மா இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். புதிதாகச் சேர்க்க படிவம் 6. முகவரி மாற, திருத்தம் செய்ய படிவம் 8. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் இப்போது ஜனவரி 1-க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் தகுதி நாட்கள்தான்.

வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள மேடைப் பேச்சு போதாது. அவர் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் அவரே சத்தியம் செய்து தாக்கல் செய்கிறார். 2002-ல் உச்ச நீதிமன்றம் வாக்காளருக்கு இதை அறியும் உரிமை உண்டு என்று சொன்ன பிறகு வந்த ஏற்பாடு இது. படிவம் 26 என்ற அந்தப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எல்லா வேட்பாளருக்கும் கிடைக்கும். உங்கள் தொகுதியில் முக்கியமான நாலைந்து பேருடையதைப் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஐந்து வருஷத்துக்கு ஒரு மணி நேரம் அதிகமா?

வீட்டுக் குழுவில் எப்படிச் சொல்வது?

இதைத்தான் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். பெரியப்பா ஒரு பொய்ச் செய்தியை அனுப்புகிறார். எல்லோர் முன்னாலும் "இது பொய்" என்று போட்டால் அவர் மனசு கெட்டுவிடும், அப்புறம் தீபாவளிக்கு முகம் பார்க்க முடியாது.

நான் குழுவில் மறுப்பதில்லை. தனியாகப் போன் போடுகிறேன். "பெரியப்பா, நல்லா இருக்கீங்களா? காலைல ஒண்ணு அனுப்பியிருந்தீங்கல்ல, அது எங்கிருந்து வந்துச்சுங்க?" என்று கேட்கிறேன். அவர் யோசிக்கிறார். யார் அனுப்பியது என்று தேடுகிறார். நான் கண்டுபிடித்ததைச் சொல்லி, "நீங்களே குரூப்ல போட்டுட்டீங்கன்னா நல்லா இருக்கும், நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்கிறேன். பெரும்பாலும் அவரே அழித்துவிட்டு, அது தவறான செய்தி என்று எழுதிவிடுகிறார். வயதில் பெரியவர் தானே திருத்திக்கொண்டால் குழுவில் எல்லோருக்கும் அது பழக்கமாகும். அவருடைய மரியாதையும் கூடும்.

செய்தித்தாளுக்குக் காசு கொடுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிருபர் சம்பவ இடத்துக்குப் போய், இரண்டு தரப்பையும் கேட்டு எழுதுவதற்குச் செலவாகிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வியை நமக்காகப் போய்க் கேட்கிறவர் அவர். இலவசமாக வருவதை மட்டுமே படித்தால், அதற்கான பணத்தை வேறு யாரோ வேறு ஏதோ நோக்கத்தில் கொடுத்திருப்பார்கள். ஒன்றுக்கு இரண்டு பத்திரிகை படியுங்கள். தவறு வந்தால் திருத்தம் வெளியிடுகிற பத்திரிகையைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளச் சொல்லி யாரும் நம்மைக் கேட்கவில்லை. அது முடியவும் முடியாது. நம் கைக்கு வந்ததை, நம் பக்கத்து வீட்டைப் பற்றியதை, நம் ஓட்டைத் தீர்மானிப்பதை மட்டுமாவது விசாரித்துவிட்டுச் சொல்லலாம். அத்திமூரில் அடித்தவர்கள் அரக்கர்கள் இல்லை. நம்மைப் போலவே பிள்ளை பெற்றவர்கள், நம்மைப் போலவே போன் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கும் நமக்கும் இடையில் இருக்கிற தூரம் ஒரே ஒரு கேள்விதான். அடுத்த வதந்தி கட்டாயம் வரும். ஏதோ ஒரு ஊர்க்காரரை, ஏதோ ஒரு மதத்துக்காரரை, ஏதோ ஒரு மொழிக்காரரைக் காட்டும். அப்போது முன்னனுப்பும் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் அவரைக் கேளுங்கள். கேட்க முடியாத தூரத்தில் அவர் இருந்தால், தெரியும்வரை அனுப்பாமல் இருங்கள். இந்த ஒரு கடமையை நம் தெருவில் பத்து வீடு செய்தாலே அந்த வதந்தி நம் தெருவைத் தாண்டாது.